புத்தளக் கரையில் ஒரு சகலன்

கரை தொட்டவர்கள்: வரலாற்றுத் தொடர் – 6

மூன்று நாள் பயணம் ஒன்பது நாளாகிவிட்டது. மாலைதீவில் பாய் விரித்தபோது கப்பல் மாபாருக்குத்தான் புறப்பட்டது. மதுரைச் சுல்தான்கள் ஆண்ட தமிழ்க் கரையை அரபு வணிகர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கடலறிந்த மாலுமி ஒருவரும் ஏறியிருக்கவில்லை என்பது நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மாபார் அல்ல, ஒரு மலை. வானத்துக்குள் எழுந்து நின்ற புகைத்தூண் மாதிரி இருந்ததாம். இலங்கையின் சிவனொளிபாத மலை அது. நம் முஸ்லிம் ஊர்களில் பாவா ஆதம் மலை.

1344 செப்டம்பர் தொடக்கம். சோளகக் காற்று அடங்கியிராத காலம்.

கரை நெருங்க நெருங்கக் கப்பலில் இருந்தவர்களுக்குப் பயம் கூடியது. காற்றைவிடத் துறைமுகத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள். வணிகர்கள் நம்பி இறங்கும் துறை இது இல்லை, இது ஆரியச் சக்கரவர்த்தியின் ஊர், அவன் கடலில் கப்பல் விட்டுக் கொள்ளையடிப்பவன் என்றார்கள். நங்கூரம் போடவே மறுத்தார்கள். திரும்பிவிடலாம் என்றால் காற்று முறுகிக்கொண்டு வந்தது. சென்ற வாரம் நாம் நிறுத்தியது இந்த இடத்தில்.

அப்போது பயணிகளில் ஒருவர் எழுந்தார். இப்னு பதூதா, மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரத்தவர், வயது நாற்பது. ஊரை விட்டுப் புறப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. டில்லியில் காழி, மாலைதீவிலும் காழி. இரண்டு இடத்திலும் அதிகாரத்தோடு உரசிக்கொண்டு கிளம்பியவர். என்னை மட்டும் கரையில் இறக்குங்கள், அரசனிடம் பேசி உங்களுக்கும் அபயம் வாங்கித் தருகிறேன் என்றார். இறக்கினார்கள்.

மணலில் கால் வைத்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நீ யார் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலில் மூன்று செய்திகள் இருந்தன. மாபார் சுல்தானின் சகலன் நான். அவரைப் பார்க்கத்தான் போகிறேன். கப்பலில் இருப்பதெல்லாம் அவருக்குக் கொண்டுபோகும் பரிசு.

இங்கே கப்பலை இன்னொரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலில் பொய் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று தெரியாமல் மேலே போனால் கதையின் சுவை பாதி போய்விடும். பரிசு என்று சொன்னது சமயோசிதம். கப்பலில் இருந்தது பெரும்பாலும் அவரவர் சரக்கு. சகலன் என்றது மட்டும் சுத்த மெய். அந்த மெய்க்குப் பின்னால் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். இருவரும் புத்தளத்தைப் பார்த்ததில்லை. புத்தளம் என்று ஓர் ஊர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

அவர்களுடைய தகப்பன் ஷரீப் ஜலாலுத்தீன் அஹ்ஸன். இன்றைய ஹரியானாவில் இருக்கும் கைத்தல் அவருடைய ஊர். டில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக் அவரை மாபாருக்கு அதிகாரியாக அனுப்பினார். மதுரை போய்ச் சேர்ந்தவர் டில்லி தூரத்தில் இருப்பதைக் கவனித்தார். 1335 வாக்கில் தானே சுல்தான் என்று அறிவித்துத் தன் பெயரில் காசும் அடித்தார். துக்ளக் பெரும்படையோடு தெற்கே கிளம்பினார். வாரங்கல் வரை வந்தபோது படைக்குள் கொள்ளைநோய் புகுந்தது. செத்தவர்களை விட்டுவிட்டு மிச்சப் படை திரும்பியது. மதுரை தப்பியது.

டில்லியில் இருந்த பிள்ளைகள் தப்பவில்லை. மகன் இப்ராகீம் துக்ளக்கின் அரண்மனையிலேயே உத்தியோகம் பார்த்தவர். தகப்பன் கலகம் செய்த பின் மகனும் கொல்லப்பட்டார். மகள்களில் ஒருத்தி, ஹூர்நசப், அதே டில்லியில் ஒரு வெளிநாட்டுக் காழிக்கு மனைவியாக இருந்தாள். அந்தக் காழிதான் நம் பயணி. மாமனார் கலகக்காரர், மைத்துனர் மரண தண்டனை பெற்றவர், தான் வாங்குவதோ துக்ளக்கின் சம்பளம். அந்த வீட்டில் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும்! ஹூர்நசப் பக்தியுள்ளவள், இரவில் விழித்திருந்து தொழுபவள், வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்று கணவர் பதிந்திருக்கிறார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருந்தது. 1342இல் சீனாவுக்குத் தூதுவராக அவர் டில்லியை விட்டார். தாயையும் மகளையும் இறைவன் என்ன செய்தானோ எனக்குத் தெரியாது என்ற அளவில் அந்த அத்தியாயத்தை முடித்துக்கொள்கிறார்.

இன்னொரு மகள் மதுரையில் இருந்தாள். தகப்பன் அஹ்ஸன் ஷா சில ஆண்டுகளிலேயே தன் ஆட்களால் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் ஓராண்டு, அதற்கடுத்தவர் சில வாரங்கள். 1340இல் கியாசுத்தீன் தாம்கானி என்பவன் அரியணை ஏறினான். ஒரு காலத்தில் டில்லிப் பிரபு ஒருவரின் குதிரைவீரனாக இருந்தவன். அஹ்ஸன் ஷாவின் மகள் அவனுக்கு மனைவி. குதிரைவீரன் சுல்தானாக நிலைக்க அந்தத் திருமணம் எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஆகப் புத்தளக் கரையில் ஒருவர் உயிருக்கு உத்தரவாதமாகக் காட்டிய உறவு, அவர் டில்லியில் விட்டுவந்த மனைவியின் வழியாகக் கிடைத்தது. பயண வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த இடத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிப்போவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடிவதில்லை.

சரி, கரைக்கு வருவோம்.

பதிலைக் கேட்ட ஆட்கள் ஓடிப்போய் மன்னனிடம் சொன்னார்கள். மன்னன் வரச்சொன்னான். பயணி பட்டாலா என்று சொல்லும் ஊருக்குள் போனார். பட்டாலா புத்தளமே என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். சிறிய ஊர், அழகான ஊர், சுற்றிலும் மரத்தாலான மதில், மரத்தாலான காவல் கோபுரங்கள் என்று எழுதுகிறார். இதுதான் அரசனின் தலைநகர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். நல்லூரை அறிந்த நமக்கு அது வியப்பாக இருக்கும். மன்னன் எங்கே அமர்ந்திருக்கிறானோ அதுவே தலைநகர் என்று வந்தவர் நினைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சி புத்தளம் வரை பரவியிருந்ததற்கு இந்த ஒரு பயணியின் சாட்சியை வைத்து எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன! மறுத்தும் அத்தனை பக்கங்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. முத்துக்குளிப்புக் காலத்திலோ அதற்குப் பிறகோ மன்னன் பரிவாரத்தோடு இந்தக் கரையில் வந்து தங்கினான், வரியையும் முத்தையும் நேரில் பார்த்துக்கொண்டான் என்ற அளவுக்கு என் மனம் ஒப்புகிறது.

கரையைப் பற்றி அவர் சொல்லும் ஒரு காட்சியை இன்றைய புத்தளத்தில் நின்றுகொண்டு நம்புவது கஷ்டம். கடலோரம் முழுக்கக் கறுவா மரங்கள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தனவாம். புத்தளம் வறண்ட நிலம். உப்பளமும் தென்னையும் உண்டு, கறுவா விளையாது. மேட்டுக் காடுகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்து தள்ளியவை என்று அவரே விளக்கம் தருகிறார். மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமல் அவற்றை ஏற்றிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு மன்னனுக்குத் துணியும் அதுபோன்ற பொருள்களும் கொடுப்பார்கள். இந்தக் கரைக்கும் மாபாருக்கும் நடுவே ஒரு பகல், ஓர் இரவு ஓட்டம்தான். கொள்ளைக்காரன் என்று மாலுமிகள் நடுங்கிய அதே துறையில், அக்கரைத் தமிழர்கள் துணியைக் கொடுத்துக் கறுவாவை அள்ளிக்கொண்டு நிம்மதியாகப் போய்வந்திருக்கிறார்கள்.

மாலுமிகள் சொன்னதும் பொய்யில்லை. இதே மன்னனுடைய கப்பல்கள் சிறிதும் பெரிதுமாக நூறு மாபார்க் கரைக்கு வந்து நின்றதைப் பயணி வேறோர் இடத்தில் விவரிக்கிறார். யேமனுக்குப் போகவிருந்த சுல்தானின் கப்பல்கள் அங்கே எட்டு நின்றன. சுல்தான் ஆட்களைத் திரட்டிக் காவல் போட்டதும், கொள்ளை வாய்க்காது என்று கண்டு, எங்கள் கப்பல்களும் யேமன் போகின்றன, அவற்றுக்குத் துணையாக வந்தோம் என்று சமாளித்துவிட்டார்களாம்! தங்கள் காசில் நந்தியையும் அதன் கீழ் ‘சேது’ என்ற எழுத்தையும் பொறித்த குலம் அது. பாக்கு நீரிணையில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதைத் தாங்களே தீர்மானிப்பதாக நினைத்த குலம்.

மன்னன் எழுந்து வரவேற்றான். பக்கத்தில் உட்காரவைத்தான். பாரசீகம் பேசினால் அவனுக்குப் புரிந்தது. அன்று மலபாரிலிருந்து ஹோர்முஸ் வரை துறைமுகங்களில் புழங்கிய வணிக மொழி அது; முத்து விற்கிற அரசனுக்கு வாங்குகிறவன் மொழி தெரியாமல் எப்படி? மாபார்ச் சுல்தானுக்கும் எனக்கும் நட்பு உண்டு, உன் தோழர்கள் பயமில்லாமல் இறங்கட்டும், புறப்படும் வரை என் விருந்தாளிகள் என்றான். சகலன் என்று சொன்னது பலித்தது. ஆரியச் சக்கரவர்த்தி என்று இவர் பட்டப்பெயரை மட்டும் குறிப்பதால், ஆள் யார் என்பதை நாம்தான் தேடவேண்டும். பலர் மார்த்தாண்ட சிங்கையாரியனைக் காட்டுகிறார்கள்.

மூன்று நாள் விருந்து. நாளுக்கு நாள் மரியாதை கூடிக்கொண்டே போனது. பல நாட்டு அரசர்களைப் பற்றிய கதைகளை மன்னன் ஆவலோடு கேட்டான். ஒரு நாள் உள்ளே போனபோது மன்னன் முன்னால் முத்துகள் பரப்பிக் கிடந்தன. நல்லதை வேறாகவும் மட்டத்தை வேறாகவும் ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ வந்த நாடுகளில் முத்துக்குளிப்பு பார்த்திருக்கிறாயா என்று மன்னன் கேட்டான். பாரசீக வளைகுடாவில் கைஸ் தீவில் பார்த்ததாகச் சொன்னார். மன்னன் சில முத்துகளைக் கையில் எடுத்து, அங்கே இப்படி உண்டா என்றான். இதைவிட மட்டமானவைதான் பார்த்தேன் என்றார் விருந்தாளி. வேறென்ன சொல்வார்! மன்னனுக்கு மகிழ்ச்சி. எடுத்த முத்துகள் அவருக்கே. உள்ளங்கையளவு மாணிக்கக் கிண்ணம் ஒன்றையும் அங்கே அவர் பார்த்தார். உள்ளே அகில் எண்ணெய் இருந்தது. அவர் வாய்பிளந்து நிற்பதைக் கண்ட மன்னன், இதைவிடப் பெரியதும் எங்களிடம் உண்டு என்றானாம்.

கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்றான் மன்னன். முத்துக் கேட்கலாம், மாணிக்கம் கேட்கலாம், பாதுகாப்பாக மாபாரில் கொண்டுபோய் விடச் சொல்லலாம். அவர் கேட்டது வேறு. இந்தத் தீவில் இறங்கியதிலிருந்து எனக்கு ஒரே ஆசை, ஆதத்தின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

பூர்வீக ஊர் பார்க்கப் போவது என்று நாம் சொல்வோமே, அதன் எல்லை இது. சொர்க்கத்துத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதம் முதலில் கால் வைத்த இடம் இந்த மலை என்பது இஸ்லாமிய மரபில் வந்த நம்பிக்கை. ஹவ்வா இறங்கியது ஜித்தாவில். எந்த நாட்டிலிருந்து வந்தவனுக்கும் இதுவே தகப்பன் ஊர். மலையுச்சியில் இருக்கும் அதே அடியைப் பௌத்தர்கள் புத்தருடையது என்பார்கள், சைவர்கள் சிவனுடையது என்பார்கள். இங்குள்ளவர்கள் ஆதத்தைப் பாவா என்றும் ஹவ்வாவை மாமா என்றும் அழைப்பதைப் பயணி குறித்துவைத்திருக்கிறார்.

அது சுலபம் என்றான் மன்னன். பல்லக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த யாத்திரை போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னனின் ஆட்கள் பத்துப்பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். நடுவில் மொரோக்கோ நாட்டு முஸ்லிம் ஒருவர். தமிழ் மன்னன் ஒருவன் கட்டணம் வாங்காமல் கூட்டிச் சேர்த்த யாத்திரைக் குழு! கப்பல்காரனோ நீர் திரும்பி வராமல் நான் பாய் விரிக்க மாட்டேன், ஒரு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன் என்று அடம்பிடித்தான். இதே ஆள்தான் சில நாள் முன்பு இந்தத் துறையில் நங்கூரம் போட மறுத்தவன். மன்னனின் சோற்றுக்கு அவ்வளவு ருசி.

வழியை விரைவாகக் கடப்போம். மூங்கிலால் கட்டிய தெப்பத்தில் ஓர் ஆற்றைத் தாண்டினார்கள். மன்னார் மண்டலி என்று அவர் எழுதும் ஊர் மன்னனின் எல்லைக் கடைசி. முந்தல் பக்கம் என்பது ஓர் ஊகம். அங்கே காட்டெருமைக் கன்று, அரிசி, நெய், மீன், கோழி, பால் என்று உபசரித்தார்கள். அடுத்தது பந்தர் சலாவாத், நம் சிலாபம். அதற்கப்பால் காடும் யானையும். யானைகள் யாத்திரிகர்களைத் தொடுவதில்லை என்பதற்கு அவரிடம் ஒரு பழங்கதை இருந்தது. ஷீராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீஃப் முப்பது சீடர்களோடு இந்தக் காட்டில் வழி தவறினார். பசி தாங்காத சீடர்கள் அவர் தடுத்தும் கேளாமல் யானைக் குட்டி ஒன்றை அடித்துத் தின்றார்கள். இரவில் யானைக்கூட்டம் வந்தது. ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றது. தின்னாத ஞானியை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர் எல்லையில் கொண்டுபோய் இறக்கியது. அதற்கு முன் முஸ்லிம்களை ஒதுக்கிவைத்த ஊர்மக்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குள் அழைத்துச் சேர்ந்து உண்ணத் தொடங்கினார்கள் என்கிறார். யானை முகர்ந்ததோ இல்லையோ, கடைசி வரியை நான் நம்புகிறேன். வழிநெடுக அவருக்கே அது நடந்திருக்கிறது.

மலைச்சாரலில் அவர் கண்டதை ஒரு தோட்டம் என்றே சொல்ல வேண்டும். இலை உதிராத மரங்கள், பல நிறப் பூக்கள், உள்ளங்கை அகலத்தில் சிவப்பு ரோஜா. அந்த இதழ்களில் இறைவன் பெயரும் நபியின் பெயரும் எழுதியிருப்பதாக மக்கள் சொன்னார்களாம். சொன்னார்கள் என்று அவர் நிறுத்திக்கொண்டதைக் கவனியுங்கள். அடிவாரத்தில் இன்னொரு மரம். அதன் இலை தானாக விழுந்து யாராவது அதைத் தின்றால் இழந்த இளமை திரும்பும். விழும், விழும் என்று யோகிகள் சிலர் அடியிலேயே காத்துக் கிடந்தார்கள். அட்டைக்கு எலுமிச்சம் பழம் பிழிந்தது, சங்கிலியைப் பிடித்துப் பாறை ஏறியது, உச்சியில் பதினொரு சாண் நீளப் பாதம், கிதுரு குகையில் தங்கிக் காலையும் மாலையும் போய்த் தரிசித்தது எல்லாம் அவர் புத்தகத்தில் விரிவாக உண்டு.

எனக்கு உறுத்துவது வழிகளைப் பற்றிய குறிப்பு. மலைக்கு இரண்டு பாதைகள். பாவா வழி செங்குத்து, கடினம். மாமா வழி எளிது. திரும்பும்போது அதில் இறங்குவார்கள். ஏறும்போதே மாமா வழியில் போனவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுப்பதில்லை. தகப்பன் வழியில் ஏறினால் புண்ணியம், தாய் வழியில் ஏறினால் செல்லாது. மனைவியின் சகோதரியைக் கட்டியவன் பெயரால் அந்த மலைக்கே வந்து சேர்ந்த ஒருவர் இதை எழுதும்போது ஒரு கணம் பேனாவை நிறுத்தியிருக்க வேண்டாமா?

தெற்கே தேவேந்திரமுனை, காலி, கொழும்பு என்று தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி புத்தளம் வந்தார். கப்பல் நின்றது. சொன்னபடி காத்திருந்தார்கள். மடியில் மன்னன் தந்த முத்தும் மாணிக்கமும் இருந்தன. அக்கரை ஒரு பகல், ஓர் இரவு ஓட்டம். அக்கரையில் சகலன். இனி என்ன கவலை?

காற்று மாறியது.

முறுகிய காற்றில் தண்ணீர் கப்பலுக்குள் ஏறப் பார்த்தது. நல்ல மாலுமி இப்போதும் இல்லை. பாறைகளுக்குப் பக்கத்தில் ஒருமுறை மோதாமல் தப்பினார்கள். அடுத்து ஆழமில்லாத இடத்தில் அடித்தட்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. கையில் இருந்ததைக் கடலில் எறிந்தார்கள், ஒருவருக்கொருவர் விடைசொல்லிக்கொண்டார்கள். பாய்மரத்தை வெட்டித் தள்ளினார்கள். மாலுமிகள் பலகைகளைச் சேர்த்து ஒரு தெப்பம் கட்டினார்கள். கரை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை.

பயணியோடு இரண்டு ஆண் தோழர்களும் இரண்டு அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அவர் தெப்பத்தில் இறங்கப் போனபோது, எங்களை விட்டுவிட்டுப் போகிறீரா என்று தோழர்கள் கேட்டார்கள். அவர் நின்றார். நீங்கள் இருவரும் போங்கள், நான் விரும்புகிற இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். தெப்பத்தில் அவ்வளவுக்குத்தான் இடம். இரண்டு பெண்களில் விரும்பப்பட்டவளுக்கு இடம் கிடைத்தது. மற்றவள் என்ன ஆவாள் என்று யாரும் கேட்கவில்லை.

அவளே வாய் திறந்தாள். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்துக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நீந்திவருகிறேன் என்றாள்.

தோழர்கள் எந்த ஊரார் என்பதுகூடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒருவர் தூனிசியா நாட்டுத் தோசர் ஊர்க்காரர், மற்றவர் எகிப்தியர். அவள் பெயர் இல்லை. எந்த ஊரில் பிறந்தாள், எந்தச் சந்தையில் விலைபோனாள், நீச்சல் எங்கே பழகினாள், எதுவும் இல்லை. கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். முத்து, மாணிக்கம், அம்பர் எல்லாம் தெப்பத்தில் ஏறின. சுற்றிலும் மாலுமிகள் நீந்த, காற்று கரைப்பக்கமாகத் தள்ள, தெப்பம் போய்ச் சேர்ந்தது. அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அவர் கப்பலிலேயே இருந்தார். இன்னும் நான்கு தெப்பம் கட்டத் தொடங்கினார்கள், முடிக்குமுன் இருட்டிவிட்டது. தண்ணீர் ஏற ஏற அவரும் ஏறிப் பின்தட்டின் உச்சியில் ஒட்டிக்கொண்டார். விடியும் வரை அப்படியே. காலையில் உள்ளூர்ப் படகு ஒன்று வந்தது. அதில் இருந்தவர்கள் அவரைக் கரையேற்றினார்கள். சுல்தானுக்கு வேண்டியவர்கள் நாங்கள் என்று சொல்லியாயிற்று. அந்த ஆட்கள் சுல்தானின் குடிகள், அவனுக்கு எழுதியனுப்பினார்கள். அவன் இரண்டு நாள் வழியில் போரில் இருந்தான்.

காத்திருந்த நாட்களில் காட்டுக்குள் வைத்து மீனும் ஒரு பழமும் தின்னக் கொடுத்தார்கள். முலாம்பழம் மாதிரி இருந்தது, உள்ளே பஞ்சு போல நார், நாருக்குள் தேன் போலச் சாறு, அதைக் காய்ச்சி வெல்லம் செய்கிறார்கள் என்று விவரிக்கிறார். பனம்பழத்தை முதன்முதலாகச் சூப்பிய மொரோக்கோக்காரனின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது, கடிதமாக அல்ல. அமீர் கமருத்தீன் என்பவன் குதிரையும் காலாளுமாக ஒரு படையோடு வந்தான். கூடவே ஒரு பல்லக்கு, பத்துக் குதிரைகள். வழியில் ஹர்காத்து என்ற கோட்டையில் ஓர் இரவு. பெண்களை அங்கே விட்டுவிட்டு, மறுநாள் சுல்தானின் பாசறைக்குப் போனார்கள்.

சகலன் கியாசுத்தீன் தாம்கானி மரியாதையாகவே எதிர்கொண்டான். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரை எண்பது வயதில் பிடித்துக் கொன்றவன் அவன். படை அப்போது காட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் சிக்கிய ஊர்க்காரர்களை, மனைவி மக்களோடு, கைதிகளாக நடத்தி வந்தார்கள். ஆண் கைதிகள் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கழி. இரண்டு முனையும் கூராகச் சீவியிருந்தது. மாலையில் பாசறையைச் சுற்றி மரவேலி போட்டு நான்கு வாயில் வைத்தார்கள். கழிகள் எதற்கென்று பயணிக்கு அன்று இரவு தெரியவில்லை.

பொழுது விடிந்ததும் கைதிகளை நான்கு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு கூறாக நடத்திப் போனார்கள். கழிகள் அவர்கள் தோளிலேயே இருந்தன.

(தொடரும்)